அது அலங்காரக் குளம் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பேர்லின் பயணக் கட்டுரையை ரசித்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பிராண்டன்பேர்க் வாயிலடியில் மழை பிடித்துக்கொண்ட கதை நன்றாக இருந்தது. நாடாளுமன்றக் கூரைக்கு ஏற முன்பதிவு செய்ய மறந்த கதையும் சரி. அப்புறம் இந்த வரி வந்தது: “அருகிலேயே பூங்காவுக்குள் அழகான ஒரு வட்டக் குளம், நாடோடி ஜிப்ஸிகளின் நினைவாகக் கட்டியதாம், நடுவில் பூ வைத்து அலங்கரித்திருக்கிறார்கள்.” அவ்வளவுதான். அடுத்த வரியில் கட்டுரையாளர் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஒரு வரிக்கு இவ்வளவு நீளமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த இடத்தைத் தாண்டி நானும் வருடக்கணக்காக ஒன்றும் தெரியாமல் போய் வந்தவன் என்பதால், கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்தான். 1985இல் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்து அகதியாகப் பதிந்த கூட்டத்தில் ஒருவன். பிறகு பஸ் ஓட்டுநரானேன். போன வருடம் ஓய்வு பெறும்வரை 27 வருடம் அதுதான் தொழில். அதில் பெரும்பகுதி 100ஆம் இலக்க பஸ். விலங்குத் தோட்டத்திலிருந்து அலெக்சாண்டர்பிளாட்ஸ் வரை ஓடும் இரட்டைத்தட்டு பஸ் அது. சாதாரண டிக்கெட்டில் நகரத்தின் பெரிய கட்டடங்களையெல்லாம் காட்டிவிடும் என்பதால் சுற்றுலாக்காரர் மேல்தட்டில் முண்டியடிப்பார்கள். அது நாடாளுமன்றத்தின் தெற்குப் பக்கத் தெருவால் போகும். தெருவின் மறுபக்கம் தியர்கார்ட்டன் பூங்கா. அங்கே மரங்களுக்கிடையில் 2008 கடைசியில் கட்டட வேலைக்கு அடைப்புப் போட்டார்கள். ஒரு நாளில் எத்தனை தடவை அதைத் தாண்டியிருப்பேன்! ஏதோ குழாய் வேலை என்றுதான் நினைத்தேன். வேலை நிற்கும், தொடங்கும், திரும்ப நிற்கும்.

2012 ஒக்டோபர் 24ஆம் தேதி அந்தத் தெருவை மூடிவிட்டார்கள். பஸ்ஸைச் சுற்றிவிட்டு ஓட்டவேண்டி வந்தது. அன்று மதியம் எங்கள் ஓய்வறைத் தொலைக்காட்சியில் பிரதமர் மெர்க்கல் பேசிக்கொண்டிருந்தார். சனாதிபதி காவுக்கும் இருந்தார். ‘தேசிய சோசலிச ஆட்சியில் கொல்லப்பட்ட ஐரோப்பிய சின்ட்டி, ரோமா மக்களின் நினைவிடம்’ என்று கீழே எழுத்து ஓடியது. தேசிய சோசலிச ஆட்சி என்றால் ஹிட்லரின் நாசி ஆட்சி; உங்கள் கட்டுரை ‘ஜிப்ஸி’ என்றது இந்த மக்களைத்தான். மேசையில் இருந்த ஒருவர், “இனி எல்லாரும் தங்கள் பர்ஸைப் பத்திரமாக வைத்திருங்கள்” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் உதட்டை அசைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மறைப்பதில் என்ன இருக்கிறது.

என் பக்கத்தில் இருந்த நண்பர் மட்டும் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார். கருத்த முடி, கொஞ்சம் மாநிறம். அவரை எல்லாரும் இத்தாலிக்காரர் என்றுதான் நினைத்திருந்தோம், அவரும் மறுத்ததில்லை. பன்னிரண்டு வருடம் ஒரே டிப்போவில் வேலை செய்திருக்கிறோம். வெளியே மிதிவண்டி நிறுத்துமிடத்தில் வைத்து என்னிடம் சொன்னார்: “நான் இத்தாலிக்காரன் இல்லை. நான் சின்ட்டோ. உனக்கு மட்டும் சொல்கிறேன், உள்ளே போய்ச் சொல்லாதே.”

சின்ட்டி என்பது பன்மை, ஆண் ஒருவரைச் சின்ட்டோ என்பார்கள். தமிழில் இதைச் ‘சிந்தி’ என்று எழுதினால் சிந்து மாகாணத்தார் ஆகிவிடும். ஆகவே தயவு செய்து ‘சின்ட்டி’ என்றே அச்சிடுங்கள். ஜேர்மன் பேசும் நாடுகளில் பல நூற்றாண்டுகளாக இருப்பவர்கள் சின்ட்டி. ஜேர்மன் மண்ணில் அவர்களைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு 1407ஆம் ஆண்டு, ஹில்டஸ்ஹைம் நகரில். ரோமா என்றால் இங்கே பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்கு ஐரோப்பாவில் வேரூன்றிய குழுக்கள். இரு சாராரின் மொழியும் வட இந்தியாவிலிருந்து போன ஒரே மொழியின் கிளைகள்.

அடுத்து வந்த விடுமுறை ஞாயிறன்று இருவரும் நினைவிடத்துக்குப் போனோம். வாசலுக்கு முன் பால்கண்ணாடிச் சுவர் ஒன்று. அதில் 1933இலிருந்து நடந்தவை ஆண்டு வரிசையில். உள்ளே போனால் மரங்கள் சூழ்ந்த வெட்டவெளி, நடுவில் 12 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் குளம். தண்ணீர் கறுப்பாகத் தெரியும், அடி தெரியாது. விளிம்பைச் சுற்றி இத்தாலிய ரோமா கவிஞர் சந்தினோ ஸ்பினெல்லியின் சிறிய கவிதை. நின்றபடி வாசிக்க முடியாது, குனிய வேண்டும். குனிந்தால் தண்ணீரில் உங்கள் முகம், அதற்குப் பின்னால் தலைகீழாக நாடாளுமன்றம். சுற்றிலும் தரையில் உடைந்த கற்கள் பதித்திருக்கிறார்கள். பலவற்றில் முகாம்களின், கொலைக்களங்களின் பெயர்கள். எங்கிருந்தோ ஒற்றை வயலின் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நடுவில் இருப்பது முக்கோணக் கல். முகாம்களில் கைதிகளின் உடுப்பில் தைத்த முக்கோணத் துணியின் வடிவம் அது. அதன் மேல்தான் அந்தப் பூ. ஒவ்வொரு நாளும் அந்தக் கல் தண்ணீருக்குள் இறங்கும், புதிய பூ ஒன்றோடு மேலே வரும். நாங்கள் நின்ற நேரத்தில் இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் நான் தனியே போனபோது பார்த்தேன். சத்தமில்லாமல், அவசரமில்லாமல் போனது. தண்ணீர் மூடிக்கொண்டது. அடுத்த பூ வரும்வரை குளத்தில் ஒன்றுமே இல்லை. அலங்காரம் என்று நினைத்தவர் அந்த நேரத்தில் நின்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

இதை வடிவமைத்தவர் இஸ்ரேலியச் சிற்பி தானி கரவான். 2021இல் காலமானார்.

இனி ‘நாடோடி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். நண்பரின் தாத்தா பேர்லின் நொய்க்கோல்னில் வாடகை வீட்டில் இருந்தவர். முன்னறையில் வயலின் திருத்துகிற தொழில். முதலாம் உலகப்போரில் ஜேர்மன் பேரரசர் கைசரின் படையில் சண்டைபிடித்து இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். பிள்ளைகள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். “எங்களை நாடோடி என்கிறாய், சரி. ஆனால் பொலிஸ் எங்களைத் தேடி ஒரு காட்டுக்கும் போகவில்லையே. கதவிலக்கம் பார்த்து வந்து மணியடித்தார்கள்” என்றார் நண்பர். வண்டி வைத்திருந்த குடும்பங்களும் இருந்தன. அவற்றிலும் பல, காணி வாடகைக்கு எடுத்து ஒரே இடத்தில் நின்றவை.

1936 ஜூலை 16ஆம் தேதி காலை. ஒலிம்பிக் போட்டி தொடங்க இரண்டு வாரம். வெளிநாட்டு விருந்தாளிகள் வருமுன் நகரத்தைச் ‘சுத்தம்’ செய்யவேண்டும் என்று, பேர்லினில் இருந்த சுமார் 600 சின்ட்டி, ரோமா மக்களைப் பொலிஸ் வளைத்துக் கிழக்கு எல்லையில் மார்ட்சான் என்ற இடத்தில் கொண்டுபோய் விட்டது. ஒரு பக்கம் மயானம், மறுபக்கம் நகரத்துக் கழிவுநீர் பாய்ச்சுகிற வயல்கள். நண்பரின் தாத்தா குடும்பமும் அதில். ஒலிம்பிக் முடிந்த பிறகும் அவர்களை விடவில்லை.

ஆசிரியர் ஐயா, நான் 2003இலிருந்து மார்ட்சானில்தான் குடியிருக்கிறேன். இப்போது அது பதினொரு மாடித் தொடர்வீடுகள் நிறைந்த பகுதி. வாடகை குறைவு என்று வந்தோம். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒட்டோ ரோசன்பேர்க் சதுக்கம் என்று ஒன்று இருக்கிறது. அந்த முகாமில் ஒன்பது வயதுப் பையனாக அடைக்கப்பட்டு, அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்குப் போய், உயிரோடு திரும்பி, பிறகு பேர்லின் சின்ட்டி ரோமா சங்கத்தை நடத்தியவர் அவர். அந்தப் பலகையைத் தாண்டித்தான் என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போயிருக்கிறேன். யாரோ ஒரு அரசியல்வாதியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த முகாமுக்கு ரொபேர்ட் ரிட்டர் என்ற மனநல மருத்துவரின் ஆட்கள் வந்து போனார்கள். ‘இனத்தூய்மை ஆராய்ச்சி’ என்று பெயர். தலையை அளந்தார்கள், கண் நிறத்தைக் குறித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பேரன் பேத்தி பூட்டன் என்று வம்சவரிசை வரைந்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 24,000 பேரைப் பற்றி இப்படி அறிக்கை எழுதினார்கள். யாரை ரயிலில் ஏற்றுவது என்று பொலிஸ் பிறகு அந்தக் கோப்புகளைப் பார்த்துத்தான் முடிவெடுத்தது.

ரிட்டரின் உதவியாளர் ஏவா யுஸ்டின் என்ற பெண். அவர் சின்ட்டி மக்களின் ரொமானெஸ் மொழியைப் பேசக் கற்றவர். அந்த மொழியிலேயே கதைத்துச் சிரித்து, வீட்டுக்குள் போய், உறவுமுறைகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முல்ஃபிங்கன் என்ற ஊரில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளைகள் இல்லத்தில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சின்ட்டிப் பிள்ளைகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வு முடியும்வரை பிள்ளைகளை விட்டுவைத்திருந்தார்கள். முடிந்ததும், 1944 மே மாதம், 39 பிள்ளைகள் அவுஷ்விட்சுக்கு. நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். போருக்குப் பிறகு ரிட்டருக்கும் யுஸ்டினுக்கும் ஃபிராங்ஃபேர்ட் நகரசபையின் சுகாதாரப் பகுதியில் வேலை கிடைத்தது. தண்டனை இல்லை.

இதை நான் தெரிந்துகொண்டது வேறொரு வழியால். ஒரு நாள் விளையாட்டாக, “உன் மொழியில் எனக்கு ஒன்று, இரண்டு சொல்லித் தாவேன்” என்று நண்பரிடம் கேட்டேன். ஒரு டிப்போவில் துருக்கி, போலந்து, வியட்நாம், தமிழ் என்று எல்லாரும் எல்லார் மொழியிலும் கெட்ட வார்த்தையாவது பழகிக்கொள்வோம். அவர் முகம் மாறிவிட்டது. “நாங்கள் வெளியாருக்கு மொழி சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுத்ததற்கு என்ன நடந்தது என்று தெரியுமா?” என்று கேட்டுவிட்டு யுஸ்டின் கதையைச் சொன்னார். பல சின்ட்டிக் குடும்பங்களில் இன்றும் அப்படித்தான். மொழி வீட்டுக்குள் மட்டும். நான் திரும்பக் கேட்கவில்லை.

ஆனாலும் ஒரு சொல் அகப்பட்டுவிட்டது, அவர் தராமலேயே. அங்கே கேட்கிற வயலின் இசையை அமைத்தவர் சின்ட்டி இசைக்கலைஞர் ரோமியோ ஃபிரான்ஸ். இசையின் பெயர் ‘மாரெ மனுஷெங்கே’. எங்கள் மனிதருக்கு என்று பொருள். மனுஷ்! எங்கள் ஊரில் அம்மம்மா வாயில் இருந்த அதே மனுஷன். சமஸ்கிருதத்திலிருந்து எங்களுக்கும் வந்தது, அவர்களுடனும் ஆயிரம் வருடம் நடந்து போயிருக்கிறது. வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை, இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். இதைவைத்து ‘அவர்கள் நம்மவர்கள்’ என்று யாரும் உடனே உரிமை கொண்டாட வேண்டாம். அவர்கள் ஜேர்மானியர், பிரெஞ்சுக்காரர், செக் நாட்டவர். அதைத்தான் அவர்கள் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1942 டிசம்பர் 16ஆம் தேதி, நாசிப் பொலிஸின் தலைவர் ஹிம்லர் இவர்களை அவுஷ்விட்சுக்கு அனுப்பும்படி உத்தரவு போட்டார். 1943 மார்ச்சில் மார்ட்சான் குடும்பங்களை ஏற்றினார்கள். அவுஷ்விட்ஸ்-பிர்கெனாவில் அவர்களுக்கென்று தனிப் பகுதி. சுமார் 23,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். முன்னங்கையில் இலக்கம் குத்தும்போது முன்னால் ‘ட்செட்’ என்ற எழுத்தைப் போட்டார்கள். ‘ட்சிகொய்னர்’ என்ற சொல்லின் முதல் எழுத்து. ஜேர்மன் மொழியில் நீங்கள் அச்சிட்ட ‘ஜிப்ஸி’க்கு நிகரான சொல் அது. நண்பரின் பாட்டி வெயிலிலும் நீளக்கைச் சட்டைதான் போடுவாராம்.

தாத்தா பதக்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தார். முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

1944 ஆகஸ்ட் 2. அன்று வேலை செய்யக்கூடியவர்கள் என்று 1,408 பேரைப் பிரித்து புகென்வால்ட், ராவென்ஸ்ப்ரூக் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதில் பாட்டியும், பதினாலு வயதான மூத்த மகனும். அந்த மகன்தான் என் நண்பரின் தகப்பன். முகாமில் மிச்சம் இருந்தவர்கள் வயோதிபர், நோயாளர், பிள்ளைகள், பிள்ளைகளை விட்டுவர மறுத்த தாய்மார். ஏறக்குறைய 4,300 பேர். அன்றிரவு எல்லாரையும் நச்சுவாயு அறைகளுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பனின் இரண்டு தங்கைகள் அதற்குள் இருந்தார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2015இல் ஆகஸ்ட் 2ஐ நினைவு நாளாக அறிவித்தது. மொத்தமாக ஐரோப்பாவில் கொல்லப்பட்ட ரோமா, சின்ட்டி மக்களின் தொகையை ஆய்வாளர்கள் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள். கிழக்கே காட்டோரங்களில் சுட்டுப் புதைத்தவர்களுக்குப் பதிவே இல்லாததால் இந்த இடைவெளி.

நினைவிடத் திறப்பு விழாவில் பேசியவர்களில் ஒருவர் சோனி வைஸ், நெதர்லாந்துச் சின்ட்டோ. அவர் கதையை ஒரு போக்குவரத்துத் தொழிலாளி சொல்லாமல் விடக்கூடாது. 1944 மே 19ஆம் தேதி நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து அவுஷ்விட்சுக்கு ரயில் புறப்பட்டது. ஏழு வயதுப் பையன் சோனியை அந்த ரயிலில் ஏற்ற அஸ்ஸன் என்ற நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே காவலில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர், “நான் தொப்பியைக் கழற்றினால் ஓடுங்கள்” என்றார். கழற்றினார். அத்தையோடு பையன் ஓடி அடுத்த மேடையில் நின்ற சாதாரணப் பயணிகள் ரயிலில் ஏறிவிட்டான். தாய், தகப்பன், சகோதரர்கள் மற்ற ரயிலில் போனார்கள், திரும்பவில்லை. பெரியவனானதும் அவர் எடுத்த தொழில் பூ அலங்காரம்.

அதே ரயிலின் கதவிடுக்கால், தலையில் துணி கட்டிய சிறுமி ஒருத்தி வெளியே பார்க்கிற காட்சி படம்பிடிக்கப்பட்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். யூத இன அழிப்பின் அடையாளமாக ஐம்பது வருடம் அந்த முகம் உலகமெல்லாம் அச்சானது. 1994இல்தான் ஒரு நெதர்லாந்துப் பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார், அவள் செட்டெலா ஸ்டைன்பாக், ஒன்பது வயதுச் சின்ட்டிப் பெண். ஐம்பது வருடம் யாரும் கேட்கவே இல்லை.

போர் முடிந்தபின் நடந்ததுதான் நண்பருக்கு ஆறாத கோபம். பாட்டி நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தார். அவுஷ்விட்ஸ் காலத்துக்கு ஏதோ கொஞ்சம் வந்தது. மார்ட்சானில் அடைத்துவைத்த வருடங்களுக்கு ஒரு சதமும் இல்லை. காரணம், 1956 ஜனவரியில் ஜேர்மனியின் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது: 1940இல் இவர்களை நாடுகடத்தியது இனப் பகையால் செய்ததல்ல, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்று. இவர்களுக்குக் குற்றம் செய்யும் இயல்பு இருக்கிறது என்று நீதிபதிகளே எழுதினார்கள். ஹிட்லர் செத்து ஏறக்குறைய பதினோரு வருடத்துக்குப் பிறகு! 1963இல் பாதி திருத்தினார்கள். அந்தத் தீர்ப்புக்காக வெட்கப்படத்தான் முடியும் என்று அதே நீதிமன்றத்தின் தலைவி சொன்னது 2015இல். பாட்டி அதற்குள் போய்விட்டார்.

1980 உயிர்த்த ஞாயிறு நாட்களில் டாக்காவ் முன்னாள் முகாமில் பன்னிரண்டு சின்ட்டி உண்ணாவிரதம் இருந்தார்கள், அவர்களில் சிலர் முகாமிலிருந்து மீண்டவர்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, பழைய பொலிஸ் கோப்புகள் எங்கே, யார் இன்னும் பாவிக்கிறார்கள் என்பது. இரண்டு வருடம் கழித்து, 1982 மார்ச்சில், பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் இது இனப்படுகொலை என்று முதல் தடவையாக அரசின் சார்பில் ஒப்புக்கொண்டார். அந்த வருடமே சின்ட்டி ரோமா மத்திய சபை உருவானது, ரொமானி ரோஸே தலைமையில்.

நினைவிடம் அமைப்பது என்று மத்திய அரசு முடிவெடுத்தது 1992இல். திறந்தது 2012இல். நடுவில் இருபது வருடம் என்ன செய்தார்கள்? முதலில் இடம். நகரத்தின் நடுவில் எதற்கு, மார்ட்சானில் கட்டலாமே என்று நகர நிர்வாகத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒலிம்பிக்குக்காக ஒருமுறை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டிய அதே இடம். நான் மார்ட்சான்காரன், என் பகுதியைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது நண்பரின் தகப்பன் சிரித்தாராம்.

அடுத்த சண்டை ஒரு சொல்லுக்காக. நினைவிடக் கல்வெட்டில் ‘ட்சிகொய்னர்’ என்ற சொல் வரலாமா, கூடாதா? கொலைகாரர் கையில் குத்திய சொல், கல்லில் வரவே கூடாது என்றது மத்திய சபை. இன்னொரு சங்கம், சின்ட்டியும் அல்லாத ரோமாவும் அல்லாத குழுக்களும் அந்தச் சொல்லின்கீழ்தான் கொல்லப்பட்டார்கள், சொல்லை எடுத்தால் அவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது, எனக்கு இன்றும் முழுதாக முடிவெடுக்கத் தெரியவில்லை. கடைசியில் கல்வெட்டுக்குப் பதிலாக, வரலாற்று ஆய்வாளர்கள் எழுதிய ஆண்டு வரிசை என்று சமாதானம் ஆனார்கள். வாசலில் இருக்கிற அந்தப் பால்கண்ணாடிச் சுவர் அப்படி வந்ததுதான். பிறகும் சிற்பிக்கும் கட்டட நிர்வாகத்துக்கும் இழுபறி. என் பஸ்ஸிலிருந்து நான் பார்த்த ‘நிற்கும், தொடங்கும்’ வேலை அதுவே. இந்த இருபது வருடத்தில் முகாமிலிருந்து மீண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். நண்பரின் தகப்பன் 2009இல் காலமானார்.

மற்ற நாடுகளில் இதைவிடக் கேவலமும் நடந்திருக்கிறது. செக் நாட்டில் லெட்டி என்ற ஊரில் ரோமா மக்களை அடைத்த முகாம் இருந்தது. 1970களில் அந்த நிலத்தில் அரசு பன்றிப் பண்ணை கட்டியது. பொதுவுடைமை ஆட்சி போய் இருபத்தைந்து வருடம் கடந்தும் பன்றி வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 2017இல் அரசு பண்ணையை விலைக்கு வாங்கி, 2022இல் இடிக்கத் தொடங்கி, 2024இல்தான் நினைவிடம் திறந்தது.

எங்கள் குளத்துக்கும் ஒரு ஆபத்து வந்தது. பிரதான ரயில் நிலையத்திலிருந்து பொட்ஸ்டாம் சதுக்கத்துக்கு நகர ரயிலுக்குப் புதிய சுரங்கப்பாதை தோண்டும் திட்டம். 2020இல் அந்த வேலைக்காக நினைவிடத்தைக் கொஞ்சக் காலம் மூடவேண்டி வரலாம் என்று செய்தி கசிந்ததும் பெரிய எதிர்ப்பு. கரவானும் சாகுமுன் கடுமையாக எதிர்த்தார். பிறகு குளத்தைத் தொடாத பாதையைத் தேர்ந்தார்கள், ஆனால் சுற்றியுள்ள மரங்களில் சில போய்விடும் என்பதால் சண்டை ஓயவில்லை. போக்குவரத்துக்காரனாக எனக்குத் தெரியும், இந்த நகரத்துக்கு அந்தப் பாதை தேவை, காலையில் வடக்கு-தெற்கு ரயில்களில் கால் வைக்க இடமில்லை. மரம் திரும்ப நடலாம் என்றும் ஒரு மனம் சொல்கிறது. நண்பரிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். “எங்களைக் கொண்டுபோனதும் ரயில்தான், திரும்ப வந்து தட்டுவதும் ரயில்தானா?” என்றார். பதில் சொல்ல வரவில்லை.

ஆகவே, ஆசிரியர் ஐயா, என் வேண்டுகோள் சின்னது. ‘ஜிப்ஸி’ என்று போடாதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சொல்லால் தங்களைத் தாங்களே அழைப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். இந்த நினைவிடத்தைப் பற்றி எழுதும்போது அங்கே வாசலில் உள்ள பெயரைப் போடுங்கள்: சின்ட்டி, ரோமா. ‘நாடோடி’யையும் எடுத்துவிடுங்கள். உங்கள் கட்டுரையாளர் திரும்பப் பேர்லின் வந்தால் 100ஆம் இலக்க பஸ்ஸில் ‘ரைஷ்டாக்’ தரிப்பில் இறங்கச் சொல்லுங்கள். பூங்காப் பக்கம் தெருவைக் கடந்தால் இரண்டு நிமிடம். கட்டணம் இல்லை. காப்பியை அதற்குப் பிறகு குடிக்கலாம்.

இந்தக் கடிதத்தை எழுதுமுன் நண்பரிடம் அனுமதி கேட்டேன். அவரும் இப்போது ஓய்வு. “தமிழில்தானே, எங்கள் டிப்போவில் யாரும் வாசிக்கப் போவதில்லை, எழுது” என்றார். பெயரை மட்டும் போடவேண்டாம் என்றார். அவருடைய மனைவியின் அயலவர்களுக்கு அவர் இன்றும் இத்தாலிக்காரர்தான்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாது என்றால் என் பஸ் கதைகளை வெட்டுங்கள். செட்டெலாவின் பெயரை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர்,
மார்ட்சான், பேர்லின்